சின்னப் பிள்ளைகள் யாருடைய சொல்லை நம்புகிறார்கள்?

எமது ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு வளரும் பிள்ளைகள் எமது சொல்லை நம்புவார்களா? புலம்பெயர்ந்த எம்மில் பலருக்கு இந்தக் கவலை உண்டு.

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் ஹாரிஸும் சக உளவியலாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஆறுதல் தருகிறது. புதுப் பொருளொன்றின் பெயரை அறிய, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் முதலில் தம்மைப் போலப் பேசுபவரையே நம்பினார்கள். பிறகு, தெரிந்த பொருட்களின் பெயர்களை அவர் பிழையாகவும், வேற்று உச்சரிப்பில் பேசுபவர் சரியாகவும் சொன்னபோது, 4, 5 வயதுப் பிள்ளைகள் சரியாகச் சொன்னவர் பக்கம் மாறினார்கள். 3 வயதுப் பிள்ளைகளுக்கு அந்தத் தெளிவு இருக்கவில்லை.

கணக்கெழுதிப் பழகிய எமக்கு இது புரிகிறது: பிள்ளைகளும் பேரேடு வைத்திருக்கிறார்கள். பிழையாகச் சொல்வதைவிடத் "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்பதே மேல்.