கோட்டையும் கச்சாங் பூத்தேயும்



விடுமுறை முடிந்து திரும்பிய நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். “கெல்லி கோட்டையை ஒரு வெள்ளைக்காரர் கட்டினார். திரும்பும் வழியில் கச்சாங் பூத்தேயும் மரவள்ளிக்கிழங்கு வறுவலும் வாங்கினோம்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பிழையற்ற வாக்கியங்கள், முழுப் புள்ளிகள் வழங்கினேன். ஆயினும் ‘கட்டினார்’ என்ற சொல் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்துகாஜாவுக்கு அருகிலுள்ள அக்கோட்டை, ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் தம் குடும்பத்துக்காக எழுப்பத் தொடங்கிய மாளிகை. 1915இல் பணி தொடங்கியது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களே அவற்றைச் சுமந்தும் அடுக்கியும் சுவர் எழுப்பினர். ஸ்பானியக் காய்ச்சல் பரவி அவர்களுள் பலர் மாண்டனர். எஞ்சியோர் வேண்டிக்கொண்டதால் கெல்லி ஸ்மித் அருகிலேயே மாரியம்மன் கோயில் ஒன்றை அமைத்துத் தந்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அக்கோயிலில் தெய்வ உருவங்களுக்கு இடையே அவருடைய உருவமும் நிற்பதை இன்றும் காணலாம். அவர் 1926இல் லிஸ்பன் நகரில் காலமானார், கோட்டை முற்றுப்பெறவில்லை. கட்டத் தொடங்கியவரின் பெயர் கோட்டைக்கு நிலைத்தது. கட்டியவர்களின் பெயர்களை எந்தக் குழந்தையும் அறியாது.

இவர்களை இம்மண்ணுக்கு அழைத்து வந்தது எது? அதற்கான சான்று கோலாகங்சாரில் நிற்கிறது. 1877இல் அங்கு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று, இன்று முதிர்ந்த மரமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பேராக் மாநிலத்துத் தோட்டங்களின் வரலாற்றை அம்மரத்தடியிலிருந்தே தொடங்கலாம்.

இனி, அம்மாணவி வாங்கிய தின்பண்டங்களுக்கு வருவோம். ஈப்போ என்றதும் பழைய நகரத்தின் வெள்ளைக் காப்பி பலருக்கும் நினைவுக்கு வரும். மார்ஜரின் சேர்த்துக் கொட்டையை வறுக்கும் அம்முறை ஹைனான் சீனர்கள் தந்த கொடை. கச்சாங் பூத்தேயோ நம்மவர் தந்தது. தமிழகத்தின் தென்பகுதிச் சிற்றூர்களிலிருந்து புந்தோங்கில் வந்து குடியேறியவர்கள் கடலை வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் பிழைப்பு நடத்தினர். தலையில் தட்டைச் சுமந்தும் மிதிவண்டியில் வைத்தும் தெருத்தெருவாகச் சென்று, பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டி அதில் போட்டு விற்றனர். அந்தக் கூம்பிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் பிறந்தது. மலாய்க்காரரும் சீனரும் விரும்பி உண்ணும் அப்பண்டம் இன்று நாடெங்கும் அறிமுகமானது.

அதே கடைகளில் மரவள்ளிக்கிழங்கு வறுவலும் மொறுமொறுவென்று கிடைக்கிறது. 1941 இறுதியில் ஜப்பானியர் படையெடுத்து வந்தபின் பர்மா, சயாம் நாடுகளிலிருந்து அரிசி வரத்துக் குன்றியது. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் பலர். அவர்கள் வீட்டில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கிழங்கை அவித்துத் தின்றே உயிர் தரித்தனர்.

2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு தனிப்பாடமாக அறிமுகமானது. பாடநூல் நாட்டின் வரலாற்றைச் சொல்லும். வீட்டின் வரலாற்றை வீடுதான் சொல்லவேண்டும். இதனை உணர்ந்து, மறுவாரம் அதே கட்டுரையை மீண்டும் எழுதச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: எழுதுமுன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும்.

அம்மாணவியின் புதிய கட்டுரை இவ்வாறு முடிந்திருந்தது: “நாங்கள் வாங்கி வந்த மரவள்ளிக்கிழங்கு வறுவலைக் கொள்ளுப்பாட்டி தொடவில்லை. அவர் எப்போதும் அதைச் சாப்பிடமாட்டார். ஏன் என்று நேற்றுத்தான் கேட்டேன். அவருடைய அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம்.”

இம்முறை அக்கட்டுரையில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தாமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

பெற்றோர்களே, அந்நாள்களை நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். அம்மன் கோயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். புந்தோங்கில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்குங்கள். வீடு திரும்பியதும் அதைப் பெரியவர்கள் முன் பிரித்து வைத்து, பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். கேட்டதை ஒரு தாளில், நாளும் பெயரும் இட்டு எழுதி வைக்கச் செய்யுங்கள்.