ஞாயிற்றுக்கிழமை கேட்டவர்கள்



வேலூர்ப் பக்கத்துக் கிறித்தவ வரலாறு என்று தலைப்புச் சொன்னதும் ஸ்கடர் குடும்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். 1819இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய மருத்துவர் ஜான் ஸ்கடர். அவருடைய பேத்தி, 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர். அந்தக் குடும்பத்தில் மிஷனரிகளாக உழைத்தவர்கள் நாற்பதுக்கும் மேல் என்றும், எல்லோருடைய ஆண்டுகளையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும் என்றும் சொல்வதுண்டு. அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சேரிக்குள் கூரை வேய்ந்த ஜெபவீட்டில், பகலில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் இரவில் பெரியவர்களுக்கு ஜெபமும் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் ஆண்டுகளை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை.

ஜானின் மகன்கள் ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். 1857இல் அது அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபையின் பொறுப்புக்கு வந்தது. மற்ற மிஷன்கள் ஆங்கிலப் பள்ளி நடத்தி மேல்சாதிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் அது வேண்டாம், தமிழில் பிரசங்கம் செய்வதே வேலை என்றார்கள். கூடாரமும் மாட்டுவண்டியுமாகப் புறப்பட்டு ஊர் ஊராகச் சுற்றுவார்கள். திரும்பி வந்ததும் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதுவார்கள். இன்றைக்கும் வெளிநாட்டுக் குழுக்கள் ஒரு மாதம் வந்து கிராமச் சபைகளில் தங்கிப் பாடி, சுவருக்கு வெள்ளையடித்து, படம் எடுத்துக்கொண்டு போகின்றன. அந்தப் பழக்கத்தின் மூதாதை இந்தக் கூடாரப் பயணம்தான்.

கடைவீதிப் பிரசங்கத்துக்கென்றே ஹென்றி ஸ்கடர் தமிழில் ஒரு கையேடு எழுதினார். தமிழ்ச் செய்யுள்களை எடுத்துக்காட்டி வாதம் செய்யும் புத்தகம் அது. படித்த இந்துவைப் பாட்டாலேயே மடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. மடங்கியவர்கள் சொற்பம். 1860களில் மிஷன் வாசலுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் கடைவீதியில் நின்று பிரசங்கம் கேட்க இடமில்லாத சேரி மக்கள். அழைப்பு ஒரு முகவரிக்குப் போனது, பதில் வேறு முகவரியிலிருந்து வந்தது.

வந்தவர்களை மிஷன் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு ஊரில் குறைந்தது மூன்று குடும்பங்களாவது சேர்ந்து உடன்பட வேண்டும். விக்கிரக வழிபாட்டை விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக் கூடாது. மிஷனரிகளுக்கு இவை ஆன்மீக ஒழுக்கம். சேரியிலிருந்து பார்த்தால் கதை வேறு.

முதல் நிபந்தனையை எளிதில் கடந்துபோகலாம். ஊர்க்கோயிலுக்குள் நம்மை விடவே இல்லை. விட்டதை எப்படி விடுவது? மிச்சம் இருந்தது சேரி அம்மனும், ஊர்த் திருவிழாவில் பறையடிக்கும் கடமையும். அம்மனை விட்டவர்கள் வருத்தத்தோடு விட்டிருப்பார்கள். பறையடிக்கப் போகாததுதான் ஊரைக் கோபப்படுத்தியது.

மூன்றாவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் தோல் பூமியில் உட்கார்ந்திருக்கிறோம். ஊரில் மாடு செத்தால் இழுத்துப்போட வேண்டியது சேரி. அது கடமை. அதற்கு ஈடாகக் கறியும் தோலும். அந்தத் தோல்தான் கிணற்றில் கவலைச் சாலாகி ஊரான் நிலத்துக்கே தண்ணீர் இறைத்தது; செருப்பானது, வாரானது. செத்த மாட்டைத் தின்னமாட்டேன் என்று ஒருவன் சொன்னால், இழுக்கவும் வரமாட்டேன் என்பது அதற்குள் இருக்கிறது. ஊர் அதை அப்படித்தான் கேட்டது. அதே நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறத் தொடங்கியது. பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று டேனரிகள் வந்தன. விலை ஏற ஏற, சேரியின் பங்காக இருந்த தோலைப் பல இடங்களில் மாட்டுக்காரன் தன்னுடையது என்றான். கறியை மிஷன் விடச் சொன்னது, தோலைச் சந்தை எடுத்துக்கொண்டது. பிறகு நம் ஆட்கள் அதே தோலைத் தேடி, சுண்ணாம்புக் குழியில் இறங்கும் கூலிகளாக டேனரிக்குப் போனார்கள்.

எனக்கு இங்கே மிஷனரிகள் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. அழுக்கு நம் வாயில்தான் இருப்பதுபோல, உறுதிமொழி நம்மிடம் மட்டுமே வாங்கப்பட்டது. செத்த மாட்டை நம் வாசலில் போட்டவனிடம் யாரும் வாங்கவில்லை. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் இதே செத்த இறைச்சியை விடச் சொன்னார். சொன்னது ஒன்றேதான். ஆனால் அவர் தன்மானத்தைச் சொல்லிக் கேட்டார், கேட்டவரும் நம்மவர்.

இனி ஞாயிற்றுக்கிழமை. படியாளுக்குக் கிழமை கிடையாது. வாங்கிய கடனுக்குப் பிள்ளையையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவனுக்கு விடுமுறை என்ற சொல்லே தெரியாது. அவன் ஒருநாள், ‘நாளைக்கு வரமாட்டேங்க, கோயில் இருக்குது’ என்று ஆண்டையிடம் சொல்வதைக் கற்பனை செய்து பாருங்கள். ஏழு நாளில் ஒரு நாள் தன்னுடையது என்கிறான். மிஷன் அதை ஓய்வுநாள் ஆசரிப்பு என்று எழுதியது. நான் அதை வேலைநிறுத்தம் என்பேன். சங்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சங்கம் என்ற பெயரில்லாமல் நடந்தது. பதிலடியும் அப்படியே வந்தது. வேலை மறுப்பு, பொய் வழக்கு, குடிசையைக் காலி செய், தண்ணீருக்குப் போகிற வழியை அடை. வட தமிழகத்தில் வேலை செய்த எல்லா மிஷன்களும் இதை எழுதி வைத்திருக்கின்றன. குடிசை நிற்கிற இடம் கூட ஆண்டையுடையதாக இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற முடியாது என்று சில பாதிரிமார்களுக்கு அப்போதுதான் புரிந்தது. செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வில்லியம் கௌடி போன்றவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார், 1892இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருப்பது அதன் மிச்சம்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் மிஷன்களுக்கு வந்தார்கள். அதற்குப் பெயர் சோற்றுக்கு மதம் மாறுவது. பட்டினி கிடக்கிறவன் சோறு கொடுக்கிற இடத்துக்குப் போகாமல் எங்கே போவான்? காலமெல்லாம் சோற்றைக் கொண்டே நம்மைக் கட்டி வைத்திருந்தவர்கள் இந்த ஏச்சைச் சொன்னதுதான் வேடிக்கை.

1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவர் வெளியேதான். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். தெரு மட்டும் பழைய தெருதான். அதனால் நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். என் பெரியப்பாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று. கல்லறைக் கல்லில் எதை வெட்டுவது என்று வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் இரண்டையும் வெட்டினோம். கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூடக் காசு கேட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஆராதனை முடிந்து மணி பதினொன்று. பெண்கள் வேதப் புத்தகத்தை மாடத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்குக் கட்டின சேலையோடேயே வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ஏற்றுமதி ஷூவின் மேல்தோலை ஊசியால் தைக்க ஆரம்பித்தார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. திங்கட்கிழமை காலையில் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகுமாம். இன்றைக்கு லீவு இல்லையா அம்மா என்று கேட்டேன். ‘யாரு குடுக்கிறது?’ என்று நூலைப் பல்லால் கடித்தார் ஒருவர்.