பெயர் எழுதாத வாசகர்: ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்களும் சந்தா என்னும் சிக்கலும்

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாற்றிலும் தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் ஒருசேர இடம்பெறும் நிகழ்வு சி. என். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். இவ்வழக்கு பற்றி இதுவரை எழுதியோர் பெரும்பாலும் ஒரே வினாவையே எழுப்பியுள்ளனர்: கொன்றவர் யார்? அவ்வினாவுக்கு நீதிமன்றம் இறுதிவரை விடை தரவில்லை, இக்கட்டுரையும் தரப்போவதில்லை. லட்சுமிகாந்தன் நடத்திய இதழ்களைக் காசு கொடுத்து வாங்கியவர் யார், அவர் தம்மை வாசகர் என்று ஒப்புக்கொண்டாரா என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

இவை எளிய வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் ஓர் இதழின் வாசகரைத் தேடும் ஆய்வாளர் முதலில் நாடுவது சந்தாதாரர் பட்டியலையும் வாசகர் கடிதங்களையுமே. திரையுலகக் கிசுகிசு இதழ்களைப் பொறுத்தவரை இவ்விரு சான்றுகளும் கைகொடுப்பதில்லை. அவை கைகொடாமைக்கே ஒரு காரணம் உண்டு என்பது என் கருத்து.

சந்தா என்பது பெயர் கொடுத்தல்

தமிழில் சந்தா என்பது தொடக்கத்திலிருந்தே வெறும் விலை அன்று. பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ் (1906) தன் ஆண்டுச் சந்தாவை வாசகரின் நிலைக்கேற்பப் பலவாக வகுத்திருந்தது. அரசாங்கத்தார்க்கு 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் பிரபுக்களுக்கும் 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருவாய் உடையோர்க்கு 15 ரூபாய். ஏனையோர்க்கு 3 ரூபாய். சந்தா செலுத்துபவர் இதழை வாங்குவதோடு தாம் யார் என்பதையும் அறிவிக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. அவ்விதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தபின் ஆங்கிலேய ஆட்சி அதனைத் தன் எல்லைக்குள் நுழையவிடாது தடுத்தபோது, சந்தாதாரராக இருப்பதே ஆபத்தாயிற்று. 1910இல் இதழ் நின்றது. பின்வந்த ‘மணிக்கொடி’ போன்ற இலக்கிய இதழ்களிலும் சந்தா செலுத்துதல் கொள்கைப் பற்றின் அடையாளமாகவே கருதப்பட்டது. பணம் ஒருபுறம் இருக்க, ஆசிரியரின் பேரேட்டில் ஏறும் பெயரும் முகவரியும்தான் அவ்விதழ்களைத் தாங்கின.

கடையில் தொங்கும் தனிப்படியை வாங்குபவர் எதையும் அறிவிப்பதில்லை. காசைக் கொடுத்து மடித்து எடுத்துச் செல்கிறார். அடுத்த கிழமை வாங்கவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அஞ்சற்காரர் வீட்டு வாசலில் நின்று இதழின் பெயரைச் சொல்லிக் கூவுவதுமில்லை. கிசுகிசு இதழுக்கு ஏற்றது இவ்விற்பனை முறையே.

பணம் கொடுத்தவர் யார்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தாள் தட்டுப்பாட்டினால் புதிய இதழ் தொடங்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. மோசடிக் குற்றத்துக்காக முன்னர்த் தண்டனை பெற்றிருந்த லட்சுமிகாந்தன் 1943இல் ‘சினிமா தூது’ வார இதழைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் பற்றிய செய்திகளே அதன் சரக்கு. உண்மை எது, கற்பனை எது என்று பிரித்தறிய வாசகருக்கு வழியில்லை. பிரித்தறிய அவர் விரும்பினாரா என்பதும் ஐயமே.

அவ்விதழ் பரபரப்பாக விற்றது என்றும், அதனினும் பெரிய வருவாய் செய்தி வெளிவராதிருக்கத் திரையுலகினர் கொடுத்த பணத்தால் வந்தது என்றும் பிற்காலத்தில் இவ்வழக்கைப் பற்றி எழுதியோர் கூறுகின்றனர். இக்கூற்று சரியாயின் ஒரு விந்தையான நிலையை எதிர்கொள்கிறோம். இதழுக்குத் தவணை தவறாமல் பணம் செலுத்தியவர்கள் அதனைப் படிக்க விரும்பியவர்கள் அல்லர். பிறர் படிக்காதிருக்க விரும்பியவர்கள். சந்தா என்ற சொல்லைச் சற்று நெகிழ்த்திப் பயன்படுத்த ஆய்வுலகம் இசையுமாயின், ‘சினிமா தூது’வின் உண்மையான சந்தாதாரர்கள் அவர்களே. ஆனால் அவர்களது அச்சம் விலைபோனது, பெயர் எழுதாத ஆயிரவர் கடையில் காசு வைத்ததால்தான். கடையில் கூட்டமில்லையேல் மிரட்டலுக்கு மதிப்பேது? ஆகவே தனிப்படி வாங்கிய வாசகர், அவ்வணிகத்தில் தமக்குப் பங்கில்லை என்று கைகழுவ இயலாது. இவ்வழக்கைப் பற்றிய எழுத்துகள் அவரை எளிதாக விடுவித்துவிட்டன என்பதே என் மனக்குறை.

எழுத்தில் பதிவான வாசகர் கருத்து ஒன்று உண்டு. எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் அளித்த மனுவே அது. இதழின் உரிமத்தை நீக்குமாறு அவர்கள் வேண்டினர், உரிமமும் நீக்கப்பட்டது. இதழைக் கவனமாகப் படித்து, தம் பெயரைத் துணிந்து எழுதிக் கருத்துரைத்த வாசகர்கள் என்று இவர்களைத்தான் குறிப்பிட முடிகிறது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. முன்பே உரிமம் பெற்றிருந்த ‘இந்து நேசன்’ என்னும் இதழைக் கைப்பற்றி அதில் தொடர்ந்தார். (நம் கோலாலம்பூர்த் ‘தமிழ் நேச’னோடு இதற்குப் பெயரின் பிற்பாதி தவிர வேறு உறவில்லை.) இதழின் பெயர் மாறியும் வாங்குவோர் இருந்தனர். அவர்கள் தேடியது ஓர் இதழை அன்று, ஒரு வகைச் செய்தியை. சந்தாதாரர் இதழோடு பிணைக்கப்பட்டவர். தனிப்படி வாசகருக்கு அப்பிணைப்பு இல்லை.

சமையற்காரியின் பெயரால்

இப்பண்பு தமிழர்க்கு மட்டும் உரியதா என்று பார்க்க, சற்றே பிந்திய அமெரிக்கச் சான்று ஒன்று உதவும். ராபர்ட் ஹாரிசன் 1952 இறுதியில் தொடங்கிய ‘கான்ஃபிடென்ஷியல்’ என்னும் ஹாலிவுட் கிசுகிசு இதழ் 1955 அளவில் 40 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவ்வளவு பெரிய விற்பனையிலும் பெரும்பங்கு கடைகளிலேயே நடந்தது; சந்தாவுக்கு அதில் சிற்றிடமே. அதனாற்றான் அந்நாட்டு அஞ்சல் துறை 1955இல் இதழுக்கு இடையூறு செய்தும் விற்பனை வீழவில்லை. எல்லாரும் அதனைப் படிக்கிறார்கள், ஆனால் கேட்டால் சமையற்காரி வீட்டுக்குள் கொண்டுவந்தாள் என்கிறார்கள் என்று நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் எள்ளியதாகக் கூறுவர். 1957இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் நடிகை மௌரீன் ஓஹாரா, இதழ் கூறிய காலத்தில் தாம் அந்நாட்டிலேயே இல்லை என்று கடவுச்சீட்டைக் காட்டிச் சாட்சியம் அளித்தார். நடுவர் குழு பல நாள் கூடிப் பேசியும் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. அங்கு வழக்குமன்றம் செய்த வேலையைச் சென்னையில் கத்தி செய்தது என்பதே பெரிய வேறுபாடு.

‘ஹரிதாஸ்’ ஓடிய தெருவில்

லட்சுமிகாந்தன் இறந்தபோது, 1944 தீபாவளிக்கு வெளிவந்திருந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றம் சாட்டப்பட்டார். நீதிபதி மாக்கெட் முன் நடந்த வழக்கில், அவதூறு எழுத்துகளே கொலைக்குத் தூண்டுதல் என்பது அரசுத் தரப்பு வாதம். 1945 மே மாதம் நாயுடு விடுவிக்கப்பட, ஏனைய இருவரும் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை பெற்றனர். பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களாக விடுதலையாயினர்.

பாகவதர் சிறையிலிருந்த காலத்திலும் ‘ஹரிதாஸ்’ ஓடியது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று அது இன்றும் பேசப்படுகிறது. அவரைப் பற்றிய அவதூறு விற்றதும் அவரது படம் ஓடியதும் ஒரே நகரத்தில். நுழைவுச்சீட்டு வாங்கியவரும் ‘இந்து நேசன்’ வாங்கியவரும் முற்றிலும் வேறானவர்கள் என்று கொள்ள எந்த நியாயமும் இல்லை. நுழைவுச்சீட்டும் தனிப்படி போன்றதே. வாங்குபவரின் பெயரைக் கேட்பதில்லை. நாயகனைத் தொழவும் அவனது இழிவைச் சுவைக்கவும் அவ்வாசகருக்கு இயன்றது. இரண்டுக்கும் அவர் எங்கும் கையெழுத்திடவில்லை. விடுதலைக்குப் பின் கிருஷ்ணன் ‘நல்லதம்பி’ (1949), ‘மணமகள்’ (1951) என்று மீண்டெழுந்தார். பாகவதரின் ‘ராஜமுக்தி’யும் (1948) ‘அமரகவி’யும் (1952) பழைய வரவேற்பைப் பெறவில்லை, 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

மலாயாத் தமிழர் இவ்விதழ்களைக் கடையில் கண்டிருக்க வழியில்லை. ‘சினிமா தூது’ தொடங்கியது முதல் 1945 மே மாதத் தீர்ப்பு வரையிலான காலம் முழுதும் இங்கு ஜப்பானிய ஆட்சி. சென்னைக் கப்பல் வரத்து நின்றிருந்தது. ஆயினும் இவ்வழக்கு இங்கும் கதையாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. இதழைப் பாராமலே அதன் சுவையைப் பெற்ற வாசகர்கள் என்று இவர்களைக் கூறலாம்.

குடும்ப இதழுக்குள் குடிபுகுந்தது

சுதந்திரத்துக்குப் பின் தமிழில் திரைக்கிசுகிசுவுக்கு வேறொரு வடிவம் நிலைபெற்றது. பெயர் சொல்லாமல், எழுத்தெண்ணிக்கையாலோ நடித்த படத்தின் குறிப்பாலோ ஆளைச் சுட்டும் முறை அது. அவதூறு வழக்குக்கு அஞ்சியது ஒரு காரணம். எனினும் அதனால் வாசகருக்கும் ஒரு நன்மை விளைந்தது. விடுகதை போல அமைந்த அத்துணுக்கு, தொடர்கதைக்கும் ஆன்மிகக் கட்டுரைக்கும் சமையற் குறிப்புக்கும் நடுவே, வெகுசன வார இதழின் அரைப்பக்கத்தில் அடக்கமாக அமர்ந்தது. அவ்வார இதழுக்கு ஆண்டுச் சந்தா செலுத்துவதில் எந்தக் குடும்பத் தலைவருக்கும் கூச்சமில்லை. தொடர்கதைக்காக வாங்குகிறோம் என்று சொல்ல முடிந்தது; சமையற்காரியைச் சாட்டவேண்டிய தேவையும் இல்லை. அத்தொடர்கதைகளைக் கிழமைதோறும் கத்தரித்து, தைத்து, அட்டையிட்டுப் பாதுகாத்த வீடுகள் பல. பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அத்தொகுப்புகள் கிடைக்கின்றன. அவற்றுள் தொடர்கதையின் ஓவியம் இருக்கிறது, சில வேளை பின்பக்க விளம்பரமும் இருக்கிறது. கிசுகிசுப் பக்கத்தை மட்டும் எவரும் தைத்து வைக்கவில்லை.