தங்கைகள் மூத்தபோது: சீனத் தொழிற்சாலைப் பெண்களின் போராட்டங்கள்

சீன மொழியில் 'தாகோங்மெய்' என்றொரு சொல் உண்டு. 'தாகோங்' என்றால் முதலாளியிடம் கூலிக்கு வேலை செய்வது. 'மெய்' என்றால் தங்கை. 1980களில் ஷென்ஜென் நகரைச் சுற்றி ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தபோது, சிச்சுவான், ஹூனான், ஹூபெய் மாகாணங்களின் கிராமங்களிலிருந்து வந்து குவிந்த இளம்பெண்களை எல்லோரும் இப்படித்தான் அழைத்தார்கள். மாவோ காலத்தில் அரசு ஆலையில் வேலை செய்தவர் 'தொழிலாளி'. அவரே நாட்டின் உடைமையாளர் என்று மேடைகளில் சொல்லப்பட்டது. புதிதாக வந்த பெண்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் தங்கைகள். தங்கை என்றால் சின்னவள், சொன்னதைக் கேட்பவள், இரண்டு மூன்று வருடத்தில் கல்யாணமாகிப் போய்விடுபவள். ஒரு சொல்லுக்குள்ளேயே கூலி, வயது, பணிவு, வேலையின் ஆயுள் என எல்லாம் தீர்மானிக்கப்பட்டுவிட்டன.

ஆனால் தங்கைகள் மூப்படைவார்கள். அதைத்தான் முதலாளிகளும் அரசும் கணக்கில் எடுக்கவில்லை.

சீனப் பெண் தொழிலாளர்களின் போராட்டம் ஷென்ஜென்னில் தொடங்கியதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷாங்காயின் பட்டு ஆலைகளில் பெண்களும் சிறுமிகளும்தான் பெரும்பான்மை. கொதிக்கும் நீர்த்தொட்டிகளில் கூடுகளைக் கிளறி நூல் எடுப்பது அவர்கள் வேலை. 1922 ஆகஸ்டில் அந்தப் பெண்கள் வேலை நேரத்தைக் குறைக்கவும் கூலியை உயர்த்தவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பருத்தி ஆலைகளில் வேறொரு கொடுமை இருந்தது. தரகர்கள் ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு தொகையைக் கொடுத்துச் சிறுமிகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். சிறுமியின் கூலி தரகனுக்குப் போனது. எழுத்தாளர் சியா யென் 1936இல் எழுதிய 'ஒப்பந்தக் கூலிகள்' என்ற நேரடிச் சித்திரம் இதை நாடறியச் செய்தது. நம் மில் பகுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. 1948 பிப்ரவரியில் ஷாங்காயின் ஷென்ஷின் 9ஆம் எண் ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது போலீஸ் பாய்ந்தபோது செத்தவர்கள் மூவரும் பெண்கள்.

1949 புரட்சிக்குப் பிறகு நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் கிடைத்தன. கிராமத்துக்கு இவை வரவில்லை. 1958இல் சட்டமான ஹூகோ என்ற குடும்பப் பதிவு முறை, பிறந்த ஊரோடு மனிதரைக் கட்டிவைத்தது. கிராமத்தில் பதிவானவர் நகரத்தில் வேலை பார்க்கலாம் என்ற நிலை பின்னாளில் வந்தது. ஆனால் நகரவாசியின் உரிமைகள் அவருக்கு இல்லை. 1980இல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. 1982இல் எழுதப்பட்ட புதிய அரசியல் சாசனத்தில், முந்தைய சாசனத்தில் இருந்த வேலைநிறுத்த உரிமை நீக்கப்பட்டது. சட்டப்படி இயங்கக்கூடிய தொழிற்சங்கம் ஒன்றே ஒன்று: கட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கும் அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. ஆக, தங்கைகள் ஷென்ஜென்னுக்கு வந்து இறங்கியபோது கதவுகள் ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தன.

எங்கே தங்குவது? தொழிற்சாலையே விடுதி கட்டியது. ஓர் அறையில் எட்டு, பத்துப் பேர், அடுக்குக் கட்டில்கள். இதை ஒரு வசதியாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஆர்டர் வந்த இரவில் கட்டிலிலிருந்து எழுப்பி ஓவர்டைமுக்கு அனுப்பவும், வெளியே போவதையும் வருவதையும் குறித்து வைக்கவும் விடுதியைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரவும் இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பெற்று வளர்த்த செலவு கிராமத்துத் தாயுடையது. பின்னாளில் அவளுக்குப் பிறந்த குழந்தை நகரத்தில் படிக்க முடியாமல் ஊரிலேயே தங்கியபோது, அதை வளர்த்தவள் பாட்டி. 'மலிவான உழைப்பு' என்று பொருளாதார நிபுணர்கள் எழுதுவது, கூலியே பெறாத இந்தப் பெண்களின் உழைப்பையும் சேர்த்துத்தான்.

1993 நவம்பர் 19. ஷென்ஜென்னின் குய்ச்சோங் பகுதியில் இருந்த ஜிலி பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பொம்மை செய்த இடம் அது. சன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைக்கப்பட்டிருந்தன. தொழிலாளர்கள் பொருளைத் திருடிவிடக் கூடாது, வேலை நேரத்தில் வெளியே போய்விடக் கூடாது என்பதே அதன் நியாயம். 87 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே ஆண்டு மே மாதம் தாய்லாந்தின் கேடர் பொம்மைத் தொழிற்சாலையிலும் 188 பேர் தீயில் இறந்திருந்தார்கள், அங்கும் அப்படியே.

ஜிலியின் இடிபாடுகளுக்கிடையே தொழிலாளர்களின் கடிதங்கள் கிடந்தன. ஊரிலிருந்தும் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் அவர்களுக்கு வந்தவை. பின்னர் ஆய்வாளர்கள் அவற்றைப் படித்தார்கள். அவற்றில் அதிகம் பேசப்பட்டது சம்பளம்: எங்கே எவ்வளவு தருகிறார்கள், எத்தனை மாத பாக்கி, உங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களா. பிறகு உடம்பு முடியாமை, தனிமை, வீட்டில் பார்க்கும் மாப்பிள்ளை. இந்தக் கடிதங்களை நாம் துயரத்தின் ஆவணமாக மட்டும் வாசித்தால் தவறிழைத்தவர்களாவோம். சங்கம் வைக்க முடியாத இடத்தில் ஒரு தொழிற்சாலையின் கூலியை இன்னொன்றோடு ஒப்பிட்டு, தோழிக்குத் தகவல் அனுப்பி, நல்ல இடத்துக்குச் சேர்ந்தே இடம்பெயர்வதும் ஒரு வகை அமைப்பாதல்தான்.

இப்படிப்பட்ட பேரழிவுகளும், கூடிக்கொண்டே வந்த வேலைநிறுத்தங்களும் அரசை அசைத்தன. 1994இல் மக்கள் குடியரசின் முதல் தொழிலாளர் சட்டம் நிறைவேறி, 1995 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு வரம்பு, குறைந்தபட்சக் கூலி, சமூகக் காப்பீடு எல்லாம் எழுத்தில் வந்தன. எழுத்துக்கும் தொழிற்கூடத்துக்கும் இருந்த தூரம் அப்படியே இருந்தது.

அந்தத் தூரத்தை உள்ளிருந்து எழுதியவர் ஹாங்காங் ஆய்வாளர் புன் ங்காய். 1995-96இல் ஷென்ஜென் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தானும் வேலை செய்து, விடுதியில் தங்கினார். மாதவிடாய் வலி, தலைவலி, கண் எரிச்சல் ஆகியவற்றை அவர் உழைப்பின் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார். கன்வேயரின் வேகத்துக்குப் பெண்ணுடலின் நாட்காட்டி தெரியாது. விடுதியில் ஒரு பெண் இரவு நாலு மணிக்கு உறக்கத்தில் அலறுவதை அவர் பதிவு செய்தார். அந்த அலறலை நோய் என்று ஒதுக்காமல், பேச இடமில்லாத உடல் காட்டும் எதிர்ப்பாக வாசித்தார். கொடியும் கோஷமும் தெரிந்தால்தான் போராட்டம் என்று நினைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

2010இல் அந்த அலறல் உலகத்துக்கே கேட்டது. அந்த ஒரே ஆண்டில் சீனாவில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் இளம் தொழிலாளர்கள் 18 பேர் தற்கொலைக்கு முயன்றார்கள். 14 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் ஹூபெய் கிராமத்திலிருந்து வந்த 17 வயதுப் பெண். வேலைக்குச் சேர்ந்து சுமார் ஒரு மாதமே ஆகியிருந்தது. முதல் மாதச் சம்பளம் வரவில்லை. காரணம் கேட்டால் இந்த அலுவலகம், அந்த அலுவலகம் என்று அலையவிட்டார்கள். கையில் காசில்லை, பேச ஆளில்லை. மார்ச் 17 அன்று விடுதியின் நான்காம் மாடியிலிருந்து குதித்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நிறுவனம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. தற்கொலை செய்துகொள்ள மாட்டேன் என்று தொழிலாளர்களிடம் எழுதி வாங்கவும் முயன்று, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது.

அதே மே மாதம் ஃபோஷான் நகரின் நான்ஹாய் பகுதியில், ஹோண்டா கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவசர நிறுத்தப் பொத்தானை ஒருவர் அழுத்தினார். சுமார் 1,800 பேரின் வேலை நின்றது. அவர்களில் கணிசமானோர் தொழிற்கல்விப் பள்ளிகளிலிருந்து 'பயிற்சி' என்ற பெயரில் குறைந்த கூலிக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள். உதிரிபாகம் வராததால் சீனாவிலிருந்த ஹோண்டாவின் கார் ஆலைகள் எல்லாம் நின்றன. மே 31 அன்று தொழிலாளர்களை அடித்தவர்கள் உள்ளூர் அதிகாரப்பூர்வத் தொழிற்சங்கத்தின் ஆட்கள். அதற்குப் பிறகும் போராட்டம் கலையவில்லை. தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளில் முன்னின்று பேசியவர் ஓர் இளம்பெண். இது எங்கள் தொழிற்சாலைக்கான போராட்டம் மட்டுமல்ல, நாட்டுத் தொழிலாளர் அனைவருக்குமானது என்று பிரதிநிதிகள் வெளியிட்ட பகிரங்கக் கடிதம் கூறியது. மாதச் சம்பளம் சுமார் 500 யுவான் உயர்ந்தது. தங்கை பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, மூத்த அக்காக்களின் முறை வந்தது. தோங்குவான் நகரின் காவ்பு பகுதியில் யூ யுவன் காலணித் தொழிற்சாலைகள் 1980களின் இறுதியிலிருந்து இயங்கிவந்தன. நைக்கி, அடிடாஸ் போன்றவற்றுக்குக் காலணி தைத்த இடம். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சட்டப்படி நிறுவனம் தொழிலாளியின் உண்மையான சம்பளத்தைக் கணக்கிட்டு ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். யூ யுவன் குறைத்துக் கட்டிவந்தது. நீண்ட காலம் உழைத்து ஓய்வுபெறப் போன ஒரு பெண், தனக்கு வரப்போகும் ஓய்வூதியத் தொகையைப் பார்த்து அதிர்ந்தபோது விஷயம் வெளியே வந்தது. நம்மூரில் பி.எஃப். பாக்கியைப் பார்க்கப் போய் ஏமாந்து திரும்பியவர்களுக்கு அந்த அதிர்ச்சி புரியும்.

2014 ஏப்ரலில் 40,000க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். தனியார் துறையில் சீனா கண்ட மிகப்பெரிய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டது சம்பள உயர்வை மட்டுமல்ல, முதுமையை. அப்போது சீனச் சட்டத்தில் ஆணின் ஓய்வு வயது 60 ஆக இருந்தது. தொழிற்கூடப் பெண்ணின் ஓய்வு வயது 50 ஆக இருந்தது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுகள் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். பத்தாண்டு முன்னதாக வெளியேற்றப்படும் பெண்ணுக்கு அந்த 15 ஆண்டுகளைச் சேர்க்கக் கிடைக்கும் காலமும் குறைவு. பிள்ளைப்பேறுக்கும் மாமியார் மாமனார் பராமரிப்புக்கும் ஊருக்குப் போய்வந்த ஆண்டுகளை யார் கணக்கில் வைப்பார்கள்? ஆக, ஓய்வூதியம் பெண்களின் கோரிக்கையாகவே வடிவெடுத்தது. கல்யாணமாகிப் போய்விடுவாள் என்று நினைத்து யாரும் அவளது முதுமைக்குப் பணம் கட்டவில்லை. அவளோ போகாமல் அங்கேயே நாற்பதைத் தாண்டி நின்றாள். நிறுவனம் பாக்கியைக் கட்டவும், மாதம் 230 யுவான் வாழ்க்கைப்படி தரவும் ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய ஆண்டுகளுக்கான தம் பங்கைத் தொழிலாளர்களும் கட்ட வேண்டியிருந்தது. பலருக்கு அது எட்டாத தொகை. உதவப் போன தொழிலாளர் ஆர்வலர்கள் இருவர் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

அதன் பிறகு பிடி இறுகியது. 2015 மார்ச்சில் பேருந்துகளில் பாலியல் தொல்லைக்கு எதிராகப் பிரசுரம் வழங்கத் திட்டமிட்ட ஐந்து பெண்ணியவாதிகள் கைதானார்கள். டிசம்பரில் குவாங்டோங் மாகாணத்தின் தொழிலாளர் அமைப்புகள்மீது நடவடிக்கை பாய்ந்தது. கைதானவர்களில் ஒருவர், தாமே தொழிற்சாலையில் வேலை செய்து அமைப்பாளரான சூ சியாவ்மெய். அப்போது அவர் பால்குடிக்கும் குழந்தையின் தாய். 2018 ஜனவரியில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளி ஒருவர், பாலியல் தொல்லையைத் தடுக்க நிறுவனத்துக்குள் முறையான ஏற்பாடு வேண்டும் என்று இணையத்தில் எழுதினார். மேற்பார்வையாளர்களின் ஆபாசப் பேச்சையும் உடலைத் தொடுவதையும் வேலைநிலைமைப் பிரச்சினையாகவே அவர் முன்வைத்தார். அதே ஆண்டு கோடையில் ஷென்ஜென்னின் ஜாசிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க முயன்று ஒடுக்கப்பட்டபோது, ஆதரவாகச் சென்று பிடிபட்டவர்களில் யுவே சின், ஷென் மெங்யு என்ற இரு இளம்பெண்களும் இருந்தார்கள். யுவே சின், பீகிங் பல்கலைக்கழகத்தில் பழைய பாலியல் வன்முறை வழக்கு ஒன்றின் விவரங்களை வெளியிடக் கோரியவர். ஷென் மெங்யு, பட்டம் பெற்றபின் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண்ணியமும் தொழிலாளர் இயக்கமும் தனித்தனி என்று வாதிடுவோருக்கு இந்தப் பெண்களின் வாழ்க்கை பதில் சொல்கிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் அதிகாரத்தை அதிகம் அச்சுறுத்தியது.

இது தூர தேசத்துக் கதையென்று நாம் ஒதுங்கவும் முடியாது. 2021 டிசம்பரில் அதே ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பெண்கள், விடுதி உணவில் நஞ்சேறி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நெருக்கடியான அறைகள், கூட்டம் கூட்டமாக உறக்கம், ஊர்விட்டு வந்த 20 வயது. ஷென்ஜென்னின் விடுதி நமது ஊருக்கே வந்துவிட்டது.

கடைசியாக ஒரு கணக்கு. ஜிலி தீவிபத்து நடந்த 1993இல் 18 வயதாக இருந்த பெண் 1975இல் பிறந்தவள். 2025இல் அவளுக்கு 50. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல்தான் சீன அரசு ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தத் தொடங்கியது. தொழிற்கூடப் பெண்ணுக்கு அது 15 ஆண்டுகளில் 50இலிருந்து 55 ஆகும். ஓய்வூதியத்துக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுகளும் 2030 முதல் ஏறத் தொடங்கி 20ஐ எட்டும். பதினெட்டு வயதில் பூட்டிய கதவுக்குப் பின்னால் வேலை செய்தவளுக்கு, ஐம்பது வயதில் இன்னும் கொஞ்சம் பொறு என்கிறார்கள். அவள் இப்போது யாருக்கும் தங்கை இல்லை. கணக்குப் பார்க்கவும் வேலையை நிறுத்தவும் அவளுக்குத் தெரியும்.