தங்க வைத்த தையல்

'அவளுக்குத் தங்க மாட்டேங்குது!'

இந்த மூன்று வார்த்தைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பும் ஆட்டோவில், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு 'ச்சு' வேறு!

முதல் மூன்று மாதம் நல்லபடியாகப் போகும். மசக்கை நின்று, முகம் தெளிந்து, லேசாக வயிறு தெரிய ஆரம்பிக்கும். நாலாவது மாதமோ, ஐந்தாவது மாதமோ... பெரிய வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கீழே விழுந்திருக்க மாட்டாள். திடீரென்று எல்லாம் முடிந்துவிடும். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும் அதே!

உடனே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். மாடிப்படி ஏறினாளா, பப்பாளி சாப்பிட்டாளா, செவ்வாய் தோஷமா? தீர்ப்பு மட்டும் எப்போதும் ஒன்றுதான். குற்றவாளி, அவள்!

'இல்லைங்க, இது ராசி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, சின்ன மெக்கானிக்கல் கோளாறு' என்று செயலில் காட்டிய ஒரு பம்பாய் டாக்டரைப் பற்றித்தான் இந்த வாரம். பெயர், விட்டல் நாகேஷ் ஷிரோட்கர். மகப்பேறு மருத்துவம் படிக்கும் மாணவர்கள் உலகம் முழுக்க இந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால், நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஷிரோட்கர் பிறந்தது 1899-ல், கோவாவில். கோவா அப்போது போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. அங்குள்ள ஷிரோடா என்கிற கிராமம்தான் அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொங்கணி, மராத்திக்காரர்களுக்கு ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்தால் குடும்பப் பெயர் ரெடி! ஹூப்ளியில் பள்ளிப் படிப்பு, பம்பாய் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் டாக்டர் படிப்பு, 1927-ல் எம்.டி. பிறகு கப்பலேறி, 1931-ல் இங்கிலாந்தின் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம். அங்கேயே தங்கிவிடாமல் பம்பாய் திரும்பினார். ஜே.ஜே. ஆஸ்பத்திரி, நவ்ரோஜி வாடியா மகப்பேறு ஆஸ்பத்திரி என்று வேலை. படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

அவரிடம் வந்த பெண்களில் ஒரு சாராரின் கதை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்தது. நாலு மாதத்துக்கு மேல், பெரிய வலியில்லாமல், அடுத்தடுத்து இழப்பு. படுக்கையில் ஓய்வு, ஹார்மோன் ஊசி... எதுவும் பலிக்கவில்லை.

இந்தக் கோளாறு என்ன என்று புரிய, உங்கள் பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகியிருப்பாரே, அதேதான்! அதைத் தலைகீழாகத் தொங்க விடுங்கள். கர்ப்பப்பை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. பை மேலே, வாய் கீழே. அந்த வாய்ப் பகுதி மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம்தான். ஒன்பது மாதமும் இறுக்கமாக மூடியிருந்து, பிரசவ நேரத்தில் மட்டும் திறக்க வேண்டியது அதன் டியூட்டி.

சிலருக்கு அந்த வாய் பலவீனமாக இருக்கிறது. பிறவியிலேயே அப்படி இருக்கலாம். முந்தைய பிரசவத்திலோ ஆபரேஷனிலோ கிழிந்திருக்கலாம். குழந்தை சின்னதாக இருக்கும்வரை பிரச்னை தெரியாது. எடை கூடக் கூட, சுருக்கு தளர்ந்து, சத்தமில்லாமல் வாய் திறந்துவிடும். குழந்தையிடம் குறையில்லை. தாயிடம் நோய் இல்லை. பையின் கயிறுதான் தளர்ச்சி!

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வரலாம். ஏனென்றால், அதே காலத்தில் அங்கே நடந்ததைப் பார்த்தால்தான் ஷிரோட்கரின் அருமை புரியும். கரு கலையாமல் இருப்பதற்கென்று 1940-களில் அங்கே ஒரு செயற்கை ஹார்மோன் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. சுருக்கமாக, டி.இ.எஸ். லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் விழுங்கினார்கள். 1953-லேயே சிகாகோவில் 1,600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்து, 'இதனால் பிரயோஜனமில்லை' என்று கண்டுபிடித்தும், விற்பனை நிற்கவில்லை. கடைசியில் 1971-ல் குண்டு வெடித்தது. அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறந்த பெண்களில் சிலருக்கு, மிக இளம் வயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய்! காப்பாற்றுவதாகச் சொன்ன மருந்து, அடுத்த தலைமுறையைப் பதம் பார்த்திருந்தது.

பம்பாய்க்குத் திரும்புவோம். ஷிரோட்கர் போனது வேறு பாதையில். 'சுருக்கு தளர்ந்தால் என்ன செய்வோம்? இறுக்கிக் கட்டுவோம்!' அவ்வளவுதான் ஐடியா. கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? செய்து பார்க்கத்தான் துணிச்சல் வேண்டும்.

கர்ப்பப்பை வாயைச் சரிசெய்யும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. 1950-ல் சிகாகோவின் லாஷ் என்ற டாக்டர்கள் ஓர் ஆபரேஷனை விவரித்திருந்தார்கள். ஆனால், அது கர்ப்பம் இல்லாத நேரத்தில் செய்வது. ஷிரோட்கர் கை வைத்ததோ, குழந்தை உள்ளே இருக்கும்போதே! கத்தி பட்டால் அதனாலேயே கரு கலைந்துவிடலாம் என்கிற பயம் எந்த டாக்டருக்கும் இருக்கும்தானே?

அவர் பயன்படுத்திய 'கயிறு' இன்னும் சுவாரஸ்யம். கடையில் வாங்கியதல்ல. அதே பெண்ணின் தொடைத் தசைமேல் போர்வை மாதிரி மூடியிருக்கும் உறுதியான சவ்விலிருந்து ஒரு மெல்லிய பட்டையை வெட்டி எடுத்தார். கர்ப்பப்பை வாயின் முன்புறம் சின்னதாகக் கீறி, சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்கி, அந்தப் பட்டையை வாயைச் சுற்றி உள்ளே செலுத்தி, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டினார். பிற்பாடு செயற்கை இழை நாடா வந்து, தொடையை வெட்டும் வேலை மிச்சமானது. பிரசவ நேரம் நெருங்கும்போது, ஏறக்குறைய 37-வது வாரத்தில், கட்டை அவிழ்த்துவிடுவது இன்றைய வழக்கம்.

இதை அவர் உலகத்துக்குச் சொன்னது எங்கே தெரியுமா? லண்டன் பத்திரிகையில் அல்ல, நம்ம மெட்ராஸில்! நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தாரே, அந்த 'ஆன்டிசெப்டிக்' மருத்துவ இதழில், 1955-ல் வந்தது அந்தச் சின்னக் கட்டுரை. இன்றும் இந்தச் சிகிச்சையைப் பற்றி உலகின் எந்த மூலையில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும், மேற்கோள் பட்டியலில் மெட்ராஸ் பத்திரிகையின் பெயர் எட்டிப் பார்ப்பது வாடிக்கை!

இரண்டு வருடம் கழித்து, 1957-ல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து மெக்டொனால்டு என்ற டாக்டர் இன்னும் எளிமையான ஒரு முறையைச் சொன்னார். கீறல் எதுவும் வேண்டாம், வாயைச் சுற்றிச் சுருக்குப்பை மாதிரியே ஒரு தையல். இன்று பல ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். ஷிரோட்கர் தையல், மெக்டொனால்டு தையல்... பாடப் புத்தகத்தில் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

சரி, இந்தத் தையல் எல்லோருக்கும் வேலை செய்கிறதா? பி.காம். படித்தவன் புத்தி, எதையும் கணக்குப் பார்க்காமல் விடாதே! நல்லவேளை, மருத்துவ உலகமும் விடவில்லை. தையல் புகழ் பெற்றதும், தேவையோ இல்லையோ பலருக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் 12 நாடுகளில், 1,292 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. 'இவருக்குத் தையல் போடலாமா, வேண்டாமா' என்று டாக்டர்களே குழம்பிய கேஸ்கள் இவை. குலுக்கல் மாதிரி பாதிப் பேருக்குத் தையல், மீதிப் பேருக்கு இல்லை. 1993-ல் ரிசல்ட் வந்தது.

33 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்கள், தையல் போட்டவர்களில் 13 சதவிகிதம், போடாதவர்களில் 17 சதவிகிதம். அதாவது, 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு லாபம். 'ப்பூ, இவ்வளவுதானா!' என்கிறீர்களா? பொறுங்கள். அதே ரிசல்ட்டில் இன்னொரு வரி இருக்கிறது. ஏற்கெனவே மூன்று முறையோ, அதற்கு மேலோ நடுவில் இழந்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், தையல் போட்டவர்களில் 15 சதவிகிதம், போடாதவர்களில் 32 சதவிகிதம். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது!

யார் அந்தப் பெண்கள்? எந்தப் பெண்களைப் பார்த்து ஷிரோட்கர் இந்தத் தையலை யோசித்தாரோ, சாட்சாத் அவர்களேதான்! கண்டபடி எல்லோருக்கும் போட்டபோது பலன் மங்கியது. யாருக்காகப் பிறந்ததோ, அவர்களிடம் பளிச்சென்று வேலை செய்தது. டி.இ.எஸ். மாத்திரை பரீட்சையில் தோற்ற பிறகும் விற்றுக்கொண்டிருந்தது. ஷிரோட்கரின் தையல் பரீட்சை எழுதி, தன் இடம் எது என்று காட்டிவிட்டு நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்று ஸ்கேன் வசதி வந்துவிட்டது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு, கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளந்து, 25 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கினால் தையல் போடலாமா என்று யோசிக்கிறார்கள். சிலருக்கு ஹார்மோன் மருந்தே போதும். எந்த நூலில் தைப்பது நல்லது என்று பிரிட்டனில் சுமார் 2,000 பெண்களிடம் சோதித்து, 'இழப்பைத் தடுப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை' என்று 2022-ல்தான் அறிவித்தார்கள். ஆக, 1955-ல் போட்ட முடிச்சு பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை!

ஷிரோட்கரை வெறும் தையல்காரராக மட்டும் பார்த்துவிடாதீர்கள். இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டால், அதை எடுத்து எறியாமல் தூக்கிக் கட்டும் ஓர் ஆபரேஷனும் அவர் பெயரில் இருக்கிறது. இந்திய மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இதைவிட ஆச்சரியம், இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் நிறுவனர்களிலும் அவர் ஒருவர்! ஒரு கையால் குழந்தையைத் தங்க வைத்தார், மறு கையால் குழந்தை போதும் என்றவர்களுக்கு வழி காட்டினார். முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டும்போது பிள்ளை தங்க வேண்டும், வேண்டாதபோது தரிக்கக் கூடாது. இரண்டுமே அந்தப் பெண்ணின் விருப்பத்துக்கு மரியாதைதானே?

1960-ல் பத்மபூஷண், 1971-ல் பத்மவிபூஷண். அதே 1971 மார்ச்சில் காலமானார். டி.இ.எஸ். மாத்திரையின் குட்டு வெளிப்பட்டது, அதற்கு அடுத்த மாதம்!

தமிழில் 'தையல்' என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. ஷிரோட்கரின் தையல் கட்டியது கர்ப்பப்பை வாயை. அவிழ்த்தது, ஒரு பெண்ணின் தலையில் குடும்பமே சேர்ந்து கட்டிய பழியை.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஸ்கேன், நூல் எல்லாம் எவ்வளவு முன்னேறினாலும், இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க டாக்டர் முதலில் கேட்பது பழைய கதையைத்தான். எத்தனை முறை? எத்தனையாவது மாதம்? வலி வந்ததா, வரவில்லையா? பல வீடுகளில் இதைத்தான் மறைக்கிறார்கள். புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று, டாக்டரிடம்கூட 'இதுதாங்க முதல் தடவை' என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் வாயைத் திறந்து அந்தக் கணக்கைச் சொன்னால்தான், டாக்டர் சரியான நேரத்தில் முடிச்சுப் போட முடியும்!