ஃப்ரெண்ட்ஸோட அயர்ன்மேன் போறீங்களா? ஸ்டார்ட் லைனுக்கு முன்னாடியே பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்!

`மச்சான், அடுத்த வருஷம் நாம அயர்ன்மேன் பண்றோம்டா!' வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் இப்படிக் கொளுத்திப் போடுவார். நாலு ஃபயர் எமோஜி விழும். அடுத்த வாரமே நீச்சல் குளத்துக்கு ஒரு கூட்டம் கிளம்பிடும். `ஒண்ணா ட்ரெயினிங் பண்றோம், ஒண்ணா ஃபினிஷ் பண்றோம்'னு ஒரு சத்தியமும் நடக்கும்.

முதல் பாதி சூப்பர் ஐடியா. இரண்டாவது பாதியில்தான் சிக்கல். ஏன்னா, நீண்ட தூர ட்ரையத்லான் என்பது கூட்டமாகத் தயாராகி, தனியாகச் செய்யும் போட்டி. அதன் விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இது தெரியாமல் போனால் போட்டியும் போகும், சில நேரம் நட்பும் போகும்.

எவ்வளவு தூரம்?

ஃபுல் டிஸ்டன்ஸ் என்றால் 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், 42.2 கி.மீ ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்று முடிந்ததும் அடுத்தது. அந்த 180 கி.மீ என்பது தோராயமாக சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாக பாண்டிச்சேரியைத் தாண்டி கடலூர் போகிற தூரம். அதை மிதித்து முடித்த பிறகுதான் முழு மாரத்தானே ஆரம்பிக்கும்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. பொதுவாக 2 மணி 20 நிமிடத்துக்குள் நீச்சல், தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள், மொத்தமாக 17 மணி நேரத்துக்குள் எல்லாமே முடிய வேண்டும். போட்டிக்குப் போட்டி இது கொஞ்சம் மாறும்.

இதில் சரிபாதி, 70.3. அதாவது 1.9 கி.மீ நீச்சல், 90 கி.மீ சைக்கிள், 21.1 கி.மீ ஓட்டம். மொத்தத் தூரத்தை மைலில் சொன்னால் 70.3, அதனால்தான் இந்தப் பெயர். இந்தியாவில் 2019 முதல் கோவாவில் நடப்பது இந்த வகைதான்.

இன்னொரு விஷயம், `அயர்ன்மேன்' என்பது ஒரு நிறுவனத்தின் பிராண்ட் பெயர். இதே தூரத்துக்கு வேறு பெயர்களிலும் போட்டிகள் உண்டு. ஜெர்மனியின் `சேலஞ்ச் ரோத்' அதில் ரொம்ப ஃபேமஸ்.

எல்லாம் ஒரு வாக்குவாதத்தில் ஆரம்பிச்சது!

ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி காலின்ஸ், அவர்களுடைய விளையாட்டு நண்பர்கள். `நீச்சல்காரன் ஃபிட்டா, ஓட்டக்காரன் ஃபிட்டா, சைக்கிள்காரன் ஃபிட்டா?' என்று இவர்களுக்குள் ஒரு விவாதம். ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் சைக்கிள் பாதை, ஹொனலுலு மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடிகளில் முதலிடம் பிடித்தார். அன்று இப்போதுபோல வழிநெடுக தண்ணீர் பந்தல் கிடையாது. ஒவ்வொருவரும் சொந்தமாக உதவியாளர்களைக் கூட்டி வர வேண்டும். இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் ஆட்களிடம் ஓட்டத்தின்போது தண்ணீர் தீர்ந்துபோக, அவருக்கு பீர் கொடுத்து ஓட வைத்த கதை இன்றும் சொல்லப்படுகிறது. நண்பர்கள் கூட இருந்தால் மட்டும் போதாது, பிளானும் இருக்கணும் என்பதற்கு முதல் போட்டியே சாட்சி!

கூட்டாளி இருந்தா என்ன லாபம்?

ஃபுல் டிஸ்டன்ஸுக்குத் தயாராகிறவர்கள் வாரத்துக்கு 10 முதல் 15 மணி நேரம்வரை பயிற்சிக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். காலை நாலரை மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்காமல் இருக்க, `கீழ வெயிட் பண்றேன்'னு ஒரு மெசேஜ் போதும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர், துடுப்புப் படகு வீரர்களை எடை தூக்கவைத்துப் பார்த்தார். ஒருவர் விட்டால் ஜோடியே அவுட் என்ற நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இதற்கு `கோலர் விளைவு' என்றே பெயர். ஆனால், ஜோடிக்குள் பலத்தில் வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் இந்த லாபம் குறைந்துவிடுகிறது. உங்களைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறவர்தான் நல்ல பார்ட்னர். ரொம்ப மேலே இருக்கிறவர் அல்ல.

உலக அளவில் இதற்குச் சரியான உதாரணம், நார்வேயின் பெர்கன் நகரத்து மூவர் அணி. கிறிஸ்டியன் ப்ளுமன்ஃபெல்ட் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். குஸ்தாவ் ஈடன் 2022-ல் ஹவாயில் உலக சாம்பியன். இவர்களோடு சேர்ந்தே பயிற்சி செய்தாலும் இவர்கள் அளவுக்குப் பேசப்படாதவர் காஸ்பர் ஸ்டோர்னஸ். 2025 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்டோர்னஸ் முதலிடம், ஈடன் இரண்டாமிடம், ப்ளுமன்ஃபெல்ட் மூன்றாமிடம். மேடை முழுக்க ஒரே ட்ரெயினிங் குரூப்!

இவர்களால் பிரபலமான `நார்வே முறை'யில் ஒரு முக்கியமான விஷயம், பயிற்சிக்கு நடுவே ஒரு துளி ரத்தம் எடுத்து லாக்டேட் அளவைப் பார்ப்பது. பக்கத்தில் ஓடுபவரின் வேகம் அங்கே கணக்கில் இல்லை. தன் உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

நமக்கு ரத்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம். ஈஸி ரன் என்று போட்டிருக்கும் நாளில், மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் வேகம் இல்லை, ஃப்ரெண்டோட வேகம். தினமும் ஃப்ரெண்டைத் துரத்திக்கொண்டே இருந்தால், போட்டிக்கு முன்னாடியே முழங்காலோ குதிகாலோ `நான் வரலை'ன்னு சொல்லிடும்.

12 மீட்டர் விதி

சைக்கிளில் ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால், காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்கு கணிசமான சக்தி மிச்சம். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் கலந்துகொள்ளும் அயர்ன்மேன் போட்டிகளில் இதற்கு அனுமதி கிடையாது. முன்னால் போகும் சைக்கிளோடு 12 மீட்டர் இடைவெளி வேண்டும். முந்துவதென்றால் 25 விநாடிக்குள் முந்த வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகவும் கூடாது. மீறினால், ஃபுல் அயர்ன்மேனில் 5 நிமிடம் பெனால்டி கூடாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஆறு மாதமும் ஃப்ரெண்டின் பின்சக்கரத்தைப் பார்த்தே மிதித்தவருக்குப் போட்டியன்று இங்கேதான் ஷாக். அந்தக் காற்றை அவர் ஒருநாள்கூட வாங்கியதே இல்லையே! அதனால் மாதத்தில் இரண்டு நீண்ட ரைடாவது தனியாகவோ, நல்ல இடைவெளி விட்டோ போய்ப் பழகுங்கள்.

நீச்சலில் மட்டும் இந்தத் தடை இல்லை. முன்னால் நீந்துபவரின் காலுக்குப் பின்னால் நீந்தி சக்தியை மிச்சம் பிடிக்கலாம்.

உதவலாமா, கூடாதா?

உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி, சக போட்டியாளருக்கு தண்ணீர், சாப்பாடு, பம்ப், டியூப், பஞ்சர் கிட் கொடுக்கலாம். ஆனால் உங்கள் சைக்கிளையோ, சக்கரத்தையோ, ஹெல்மெட்டையோ கழற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் நின்றுவிட முடியாது. கொடுத்தால் இருவருமே தகுதிநீக்கம். தோளில் தாங்கி முன்னால் நகர்த்திச் செல்வதும் கூடாது.

2016-ல் மெக்ஸிகோவின் கோஸுமெல்லில் வெயிலில் தள்ளாடிய தம்பி ஜானி பிரௌன்லீயை, அண்ணன் அலிஸ்டர் தாங்கிப் பிடித்து ஃபினிஷ் லைன்வரை கொண்டுவந்தார். உலகமே கண்கலங்கிய வீடியோ அது. அதன் பிறகு விதி இறுகிவிட்டது. இன்று அதே காட்சி நடந்தால் இருவரும் வெளியே!

2019 ஆகஸ்ட்டில் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில், பிரிட்டனின் ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர் பிரௌன் இருவரும் கைகோத்தபடி முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே `டை' செய்ததாக இருவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். இவை இரண்டும் குறைந்த தூரப் போட்டிகள்தான். ஆனாலும், உங்கள் போட்டியின் விதிப்புத்தகத்தைப் படிக்காமல் `கைகோத்து ஃபினிஷ்' பிளான் போட வேண்டாம்.

விதிக்குள்ளேயே துணை வரும் வழியும் இருக்கிறது. 2020 நவம்பரில் ஃப்ளோரிடாவில், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் முதன்முதலாக அயர்ன்மேனை முடித்தவர் கிறிஸ் நிகிக். அதிகாரபூர்வ வழிகாட்டியாக அவருடன் வந்தவர் டான் கிரீப். நடுவில் நிகிக் சைக்கிளிலிருந்து விழுந்தார், எழுந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 16 மணி 46 நிமிடம் 9 விநாடி. வெறும் 14 நிமிடம் மிச்சம்!

தண்ணீரில் விளையாட்டு வேண்டாம்

1985 முதல் 2016 வரை அமெரிக்க ட்ரையத்லான்களில் நடந்த மரணங்களையும் திடீர் இதயத்துடிப்பு நிறுத்தங்களையும் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. மொத்தம் 135. அதில் 90 நடந்தது நீச்சலின்போது. அதனால், இதய நோய் குடும்பத்தில் இருந்தாலோ, நெஞ்சில் அசௌகரியம் இருந்தாலோ டாக்டரைப் பார்க்காமல் இறங்காதீர்கள். குளத்தில் மட்டும் பழகிவிட்டு நேராகக் கடலுக்குப் போகவும் வேண்டாம். கடல் பயிற்சிக்கு எப்போதுமே ஜோடியாக, கரையில் அல்லது படகில் ஆள் வைத்துக்கொண்டுதான் போகணும்.

போட்டியில் பதற்றம் வந்தால் கையைத் தூக்குங்கள். பாதுகாப்புப் படகையோ கயாக்கையோ பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதைவைத்து முன்னால் நகராதவரை தகுதிநீக்கம் இல்லை. இது தெரியாமல் பயத்தை அடக்கிக்கொண்டு நீந்துவதுதான் ஆபத்து.

முந்தின வாரமே பேசிடுங்க!

* யாராவது ஒருத்தர் பின்தங்கினால் மற்றவர் நிற்பதா, போவதா? `போயிட்டே இரு' என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். காத்திருந்து, கடைசியில் இருவருமே நேரத்தைத் தவறவிட்டால் அந்த வருத்தம் ரொம்ப நாள் இருக்கும்.
* உயிருக்கு ஆபத்து போலத் தெரிந்தால்? அது யாராக இருந்தாலும் நின்று, பக்கத்திலிருக்கும் வாலன்டியரைக் கூப்பிடுங்கள். மெடல் அப்புறம்.
* யார் என்ன சாப்பிடுவது? மணிக்கு 60 முதல் 90 கிராம் கார்போஹைட்ரேட் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் வயிறு ஏற்பதைப் பயிற்சியிலேயே கண்டுபிடியுங்கள். ஃப்ரெண்ட் குடிக்கிறார் என்பதற்காக வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம்.
* ஒருவருக்கு அடிபட்டால்? கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே எல்லோரும் படித்துவிடுங்கள். அவர் வராவிட்டாலும் மற்றவர்கள் போவார்களா என்பதையும் அப்போதே பேசுங்கள்.
* வீட்டில் சொல்லியாச்சா? ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் பல மாதங்களுக்குக் காணாமல் போகும். வீட்டிலிருப்பவர்களும் உங்கள் ட்ரெயினிங் பார்ட்னர்கள்தான்.

நிஜமாவே ஒண்ணா முடிக்கணுமா?

அப்படியென்றால் ரிலே இருக்கிறது. கோவா 70.3, சேலஞ்ச் ரோத் போன்ற போட்டிகளில் ஒருவர் நீந்த, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓட என அணியாகவே கலந்துகொள்ளலாம். குரூப்பில் ஒருவருக்கு நீச்சல் வராது, இன்னொருவருக்கு மூட்டுவலி என்றால் முதல் வருடத்துக்கு இதுதான் பெஸ்ட்.

தனித்தனியாகவே பண்றோம் என்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதலில் முடிக்கிறவர் மெடலோடு ரூமுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டாம். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தடுப்புக்கு வெளியே வந்து நில்லுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் வரும் ஃப்ரெண்டைத் தொட்டுத் தூக்கத்தான் கூடாது. பேரைச் சொல்லிக் கத்த எந்த விதியும் தடை போடலை!