நேரு ஹவுஸ் பொம்மைகளும் எங்கள் வீட்டு மரப்பாச்சியும்

தில்லியில் ஐடிஓ பக்கம் போகிறவர்கள், பஹதூர் ஷா ஜாஃபர் மார்கில் நேரு ஹவுஸைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பத்திரிகை ஆபீஸ்களுக்கு நடுவே இருப்பதால், அதுவும் ஏதோ பத்திரிகை ஆபீஸ் என்றுதான் நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2016 கோடை லீவில் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனது நூலகத்துக்காக. டாக்டர் பி.சி.ராய் நினைவுக் குழந்தைகள் நூலகம் அந்தக் கட்டடத்தில்தான். ஆனால் அவளை இழுத்தது புத்தகமில்லை, அதே கட்டடத்தில் இருக்கும் பொம்மை அருங்காட்சியகம்.

இரண்டுக்கும் காரணம் ஒரே மனிதர், கார்ட்டூனிஸ்ட் சங்கர். காயங்குளத்துக்காரர். 1948ல் 'சங்கர்ஸ் வீக்லி' தொடங்கினார், 1949ல் குழந்தைகள் ஓவியப் போட்டி, 1957ல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். ஐம்பதுகளில் ஹங்கேரித் தூதர் அந்தப் போட்டிக்குப் பரிசாக ஒரு பொம்மை கொடுத்தாராம். சங்கருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய், அப்புறம் எந்த நாட்டுக்குப் போனாலும் பொம்மை வாங்க ஆரம்பித்துவிட்டார். குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் ஊர் ஊராகக் கண்காட்சி வைத்தார். கட்டுவதும் பிரிப்பதுமாக பொம்மைகள் உடைந்தன. நிரந்தரமாக ஓர் இடம் வைக்கலாமே என்று இந்திரா காந்தி சொன்னதாகச் சொல்வார்கள். 30 நவம்பர் 1965 அன்று ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

ஆயிரம் பொம்மையில் ஆரம்பித்தது பின்னால் ஆறாயிரத்தைத் தாண்டியது. எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது, வெளிநாட்டுப் பொம்மைகளுக்குப் பதில் மரியாதை செய்த விதம். அங்கேயே ஒரு பட்டறை வைத்து, ஒவ்வொரு பிரதேசத்தின் உடை, நகைகளை ஆராய்ந்து இந்தியப் பொம்மைகள் செய்தார்கள். கதகளி ஆட்டக்காரர், பல மாநில மணப்பெண்கள் என்று சுமார் 150 வகை. அங்கிருந்து பொம்மை வந்தால் இங்கிருந்து பொம்மை போகும். வங்கிக்காரன் கண்ணுக்கு இது அருமையான அந்நியச் செலாவணி :-)

ஜப்பானிய விழாப் பொம்மைகளைப் பார்த்ததும் எங்கள் வீட்டம்மா "இது நம்ம கொலுன்னா!" என்றாள். தப்பில்லை. மார்ச் 3ம் தேதி பெண் குழந்தைகளுக்காக, சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, பரிவாரம் என்று அவர்களும் அடுக்குகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பெண் முன்னால்தான் சிக்கல். பட்டும் நகையுமாக நின்றவளைக் காட்டி, "அப்பா, பாட்டி இப்படித்தான் இருப்பாளா?" என்றாள் மகள். இல்லை என்று சொன்னேன். "அப்போ இது யாரு?" பதில் வரவில்லை. திண்டுக்கல்லில் என் அம்மா சுங்குடிப் புடவையும் ஈரக் கையுமாக இருப்பவள். ஒரு மாநிலத்துக்கு ஒரு உடை என்று கண்ணாடிக்குள் நிறுத்தினால் கல்யாண நாள் மட்டும்தான் மிஞ்சுகிறது. சங்கரைக் குறை சொல்லவில்லை. பக்கத்து மாநிலத்தான் என்ன உடுத்துவான் என்றே தெரியாத தில்லிக் குழந்தைகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் ஊரை இந்தக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால் போதுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

கொலுவில் பாருங்கள், கடை விரித்த செட்டியார் உண்டு (எங்கள் தொழிலின் பாட்டனார்!), குறத்தி உண்டு, பாம்பாட்டி உண்டு. மரப்பாச்சிக்கோ உடையே கிடையாது, வீட்டில் யார் உடுத்துகிறார்களோ அதுதான்.

அந்த வருஷ நவராத்திரிக்கு அம்மாவிடம் பழைய சுங்குடித் துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். மகள் அதை மரப்பாச்சிக்குச் சுற்றி, பாட்டி என்று பெயரும் வைத்தாள். செட்டியார் பக்கத்தில் இடம் போதவில்லை, அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு நிறுத்தினாள்.